யார் கொடுத்த தண்ணீர்

எங்கள் வீட்டில் பால்காரர் பாலை ஊற்றிவிட்டுப் போனதும் நான் செய்கிற முதல் காரியம், விரலை நனைத்துத் தரையில் ஒரு சொட்டு வைத்து அது எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது. "உங்கம்மா போலீசுக்குப் போக வேண்டியவ, வழி தப்பி நர்ஸ் ஆயிட்டா" என்று என் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் சொல்வார். கேலிதான் என்றாலும் உள்ளுக்குள் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. அந்தக் குழந்தைகளில் பல பேருக்குப் பேச்சு வராது. வலிக்கிறது, பசிக்கிறது, இந்த ஆள் என்னைக் கிள்ளினான் என்று அவர்களாக எதையும் சொல்லப் போவதில்லை. சுற்றியிருப்பவர்கள் சொல்வதைத்தான் கேட்டாக வேண்டும். சுற்றியிருப்பவர்கள் நர்ஸிடம் எப்போதும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அதனால் நான் யாரையும் நம்புவதில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். இரண்டு அறை, ஒரு மின்விசிறி. காலையில் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தால் ஏரிக்கரையைச் சுற்றிச் செய்யாற்றங்கரை வரைக்கும் எனக்கு ஊர்கள். மாகறலுக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு ஊரில்தான் அந்தப் பையன் இருந்தான். ஏழு வயது. பார்த்தால் நாலு வயது சொல்லலாம். சுருட்டை முடி, பெரிய கண். உட்கார வராது. கைகள் இரண்டும் எப்போதும் மூடியே இருக்கும். சத்தம் கேட்டால் உடம்பு முழுக்க விறைத்து, முதுகு பின்னால் வளையும். அப்பா உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள், இவன் பிறந்த பிறகு வீட்டோடு நின்றுவிட்டாள்.

அவனுக்குப் பெரிய எதிரி தண்ணீர். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாய் தானாக மூடிக்கொள்கிறது. அவனுக்கு அது தாமதமாக மூடும். கெட்டியான கஞ்சி என்றால் நாக்கில் நின்று மெதுவாக இறங்கும், அதற்குள் குழாய் மூடிவிடும். தண்ணீர் நிற்குமா? வழுக்கிக்கொண்டு போய்ப் பாதி நெஞ்சுக்குள் இறங்கிவிடும். நமக்கென்றால் புரையேறும், இருமித் துப்பிவிடுவோம். அவனுக்கு இருமவும் பலமில்லை. சத்தமே இல்லாமல் உள்ளே போய் நுரையீரலில் தேங்கிச் சளியாகி, காய்ச்சலாகி, ஆளைச் சாய்த்துவிடும்.

மழைக்காலம் முடிந்த கையோடு அப்படித்தான் ஆனது. காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிழைத்து வந்தான். டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார். இன்னொரு முறை இப்படி வந்தால் இந்த உடம்பு தாங்காது. கோடை முடிவதற்குள் நெஞ்சு தெளியாவிட்டால், வாய் வழியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு வயிற்றில் குழாய் வைப்பதுதான் வழி. குழாய் ஒன்றும் தண்டனை இல்லை, எத்தனையோ குழந்தைகள் அதனால் தேறியிருக்கிறார்கள் என்று நானும் அவன் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். வெளியே வராந்தாவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயால துன்றது ஒண்ணுதான் சிஸ்டர் அவனுக்குத் தெரிஞ்ச வேலை. அத்தயும் புடுங்கிடாதீங்க."

அன்றிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஒரே குறிக்கோள்தான். அவன் நெஞ்சு தெளிய வேண்டும். கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அறுத்து, தரையோடு தரையாகச் சுவர் மூலையில் வைத்து, துண்டால் கட்டி அவனை நிமிர்த்தி உட்கார வைத்தோம். தாடை கீழே இறங்கி இருக்க வேண்டும், தலை பின்னால் சாயக் கூடாது. சின்னக் கரண்டி. நாக்கின் மேல் லேசாக அழுத்தி வைத்து, விழுங்கிவிட்டானா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி. வெறும் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது. தாகத்துக்கு ஆரோரூட் மாவு கரைத்துக் காய்ச்சிய கெட்டித் தண்ணீர் மட்டும். அவள் எல்லாவற்றையும் பிசகில்லாமல் கற்றுக்கொண்டாள். ஒரு வேளை ஊட்ட ஒரு மணி நேரம் ஆனாலும் முகம் சுளிக்க மாட்டாள்.

ஆனால் நெஞ்சு தெளியவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் ஊட்டுவதற்கு முன்பே ஸ்டெத்தை வைத்துக் கேட்பேன். உலை கொதிக்கிற மாதிரி சத்தம். அப்படியென்றால் யாரோ தண்ணீர் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, அது யார் என்பதில்தான் சந்தேகம்.

முதல் ஆள் எனக்கு உடனே கிடைத்தாள். பையனின் அத்தை, அதாவது அவன் அப்பாவின் அக்கா. எதிர்வீடு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பாசமெல்லாம் இவன்மேல்தான். என்னைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஒரு நாள் மதியம் நான் உள்ளே நுழைகிறேன், அவன் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரோடு அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவன் உதட்டில் ஈரம்.

"என்ன கொடுத்தீங்க?" என்றேன்.

"இன்னாத்துக்கு இப்டி மொறைக்கிற நர்சம்மா? ஒதடு வெடிச்சிக்கினு கீது கொயந்தைக்கு. வெரலால நனைச்சேன். குடிக்கக் குடுக்கல."

"டம்ளர்ல பாதி இல்லையே?"

"அத்த நான் குடிச்சேன். எனக்குத் தாகம் எடுக்கக் கூடாதா? நாய்க்கே சட்டியில தண்ணி வெக்கிற வூடு இது. கொயந்தைக்குத் தண்ணி குடுக்காதன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பு படிச்சிக்கினு வந்துட்ட."

மாகறல் கோயிலுக்கு வந்து கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்றாள். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, உங்கள் சாமி மேல் வேண்டுமானாலும் பண்ணுகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். கேட்காமலே சத்தியம் செய்கிறவர்களை நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுவேன். வெளியே வந்ததும் பையனின் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன், நெஞ்சு தெளியும்வரை அவள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது. பாவம், நாத்தனாரிடம் அதை எப்படிச் சொன்னாளோ. அடுத்த முறை போனபோது எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது, டிவி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

நெஞ்சில் உலை அப்படியே கொதித்தது.

அப்படியானால் அப்பா. மூட்டை தூக்குகிற உடம்பு, வலிக்குச் சாயங்காலம் குடிப்பார் என்று தெரியும். குடித்துவிட்டு வந்து பாசத்தில் எதையாவது வாயில் ஊற்றுகிறாரோ? ஒரு நாள் மண்டி வாசலிலேயே அவரைப் பிடித்தேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார். உமி ஒட்டிய முகம். கேட்டேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை.

"நான் அவனாண்ட போறதே இல்ல சிஸ்டர். நான் இருமினாலே அவனுக்கு ஒடம்பு தூக்கிப் போடுது. தூர நின்னு பாத்துட்டுப் போய்டுவேன். வோணும்னா அவளக் கேளுங்க."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் சந்தேகம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, இடம் மாறியது. மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

அந்த அம்மாவை நான் எப்படிச் சந்தேகப்பட்டேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. என்னிடம் காரணம் இருந்தது. நான் போகும்போதெல்லாம் அந்த வீடு அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. பையன் குளித்து, பவுடர் பூசி, தலை வாரி, நெற்றியில் விபூதியோடு நாற்காலியில் தயாராக இருப்பான். முடி இன்னும் ஈரமாக இருக்கும். வெந்நீர் வாசனை அடிக்கும். எந்த வீட்டில் எனக்காக எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறதோ, அந்த வீட்டில் நான் இல்லாதபோது ஒன்றும் ஒழுங்காக இருக்காது என்பது என் அனுபவம். நான் எப்போதும் மதியச் சாப்பாட்டு வேளைக்குத்தான் போவேன், ஊட்டுவதைப் பார்க்க வேண்டும் என்பதால். என் கண்ணெதிரில் அவள் கரண்டி பிடிப்பது பாடம் நடத்துவதுபோல் இருக்கும். நான் போன பிறகு? அலுப்பில் படுக்கப் போட்டு ஒரே மூச்சில் ஊற்றிவிடுகிறாளோ? ஏழு வருஷமாக ஒருத்தி தனியாகத் தூக்கிச் சுமக்கிறாள். நானாக இருந்தால் ஊற்றியிருப்பேனோ என்னவோ.

ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் போய் நிற்பது என்று முடிவு செய்தேன்.

வண்டிச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஊருக்கு வெளியே பம்ப்செட் பக்கத்திலேயே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தேன். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "இன்னா சிஸ்டர், வண்டி ரிப்பேரா, நடந்து வர?" என்று ஒருத்தி உரக்கக் கேட்டாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டார்கள். நாற்பது வயதில் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு சேற்றில் ஒளிந்து ஒளிந்து போகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

வீட்டில் யாரும் இல்லை. பின்னால் ஓலைத் தட்டி மறைப்பில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு சத்தம். அந்தப் பையன் சிரிக்கிற சத்தம். அவன் சிரித்து நான் கேட்டதே இல்லை.

தட்டியின் இடுக்கில் பார்த்தேன். அவள் சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவனை அந்தக் கால்களின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தாள். அவன் பின்னந்தலை அவள் பாதங்களில் இருந்தது. பக்கத்தில் ஆவி பறக்கும் அண்டா, கையில் சொம்பு. கைக்குழந்தையை இந்த ஊர்களில் அப்படித்தான் குளிப்பாட்டுவார்கள். குழந்தை உட்காரப் பழகியதும் அந்த வழக்கம் தானாக நின்றுவிடும். இவன் உட்காரவே இல்லை, அதனால் அது நிற்கவும் இல்லை. ஏழு வருஷமாக அவள் கைக்குழந்தையையே குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "ஊத்தவா? ஊத்தவா நைனா?" என்று கேட்டு, நெற்றியிலிருந்து வழிய ஊற்றுவாள். அவன் உடம்பில் ஒரு விறைப்பும் இல்லை. நான் எத்தனையோ நாள் பிரிக்கப் பார்த்துத் தோற்ற அந்த விரல்கள் தாமாக விரிந்து கிடந்தன.

வந்த காரியத்தையே மறந்துவிட்டேன். வெந்நீருக்கு இவ்வளவு சக்தி இருக்கிறதே என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் கரண்டிக்குப் பிறகு தொண்டையைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா, அது தானாகத் தொண்டைக்குப் போனது.

அவள் சொம்பைத் தூக்கும்போதே அவன் வாய் திறந்துவிட்டது. தலையைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பத் தெரியாத பிள்ளை, தண்ணீர் வழிகிற பக்கம் வாயைக் கொண்டுபோய் வைத்தான். தண்ணீர் விழுந்தது. தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. அதன் பிறகுதான் சிரித்தான். அடுத்த சொம்பு வரும்வரை சிரிப்பை நிறுத்திவிட்டு, கண்ணை அதன் மேலேயே வைத்துக் காத்திருந்தான்.

இத்தனை நாள் நான் தேடிய கள்ளன் அவனேதான்.

முதலில் எனக்கு வந்தது ஆச்சரியம். இவனுக்கு என்ன புரியும் என்று ஊரே கேட்கிற பிள்ளை, எங்கள் எல்லாரையும் ஏமாற்றித் தினமும் தண்ணீர் குடித்திருக்கிறான். அதற்குப் பின்னாலேயே அவன் படுத்திருந்த விதம் உறைத்தது. கழுத்து பின்னால் மடங்கி, மல்லாந்து படுத்து, வெறும் தண்ணீர். அவன் குடிப்பதற்கு அதைவிட ஆபத்தான வழி இல்லை. இப்போது நான் தட்டியைத் தள்ளிக்கொண்டு போய் அதைச் சொல்லியாக வேண்டும்.

அவள் என்னைப் பார்த்துத் திடுக்கிடவே இல்லை. முகம் மலர்ந்தது.

"இன்னா சிஸ்டர், இந்நேரத்துல? வாங்க, வாங்க. எப்டி சிரிக்கிறான் பாருங்க. உங்களுக்குக் காட்டணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். நீங்க வர்ற நேரத்துக்கு எல்லாம் முடிஞ்சி போய்டுது."

நான் பக்கத்தில் குந்தினேன். அவள் கையை எடுத்து அவன் தொண்டையில் வைத்தேன். "இப்ப ஊத்தும்மா, கொஞ்சமா" என்றேன். ஊற்றினாள். விரலுக்கடியில் அது ஏறி இறங்கியதை அவள் உணர்ந்தது அவள் முகத்தில் தெரிந்தது. நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கரண்டிக்குக் கரண்டி அந்தத் தொண்டையைப் பார்க்க அவளுக்கு நான்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஈரம் அவள் ஜாக்கெட்டில் ஊறியது.

"சிரிக்கிறான்னு நெனச்சனே" என்றாள். "வேர்வ போவட்டும்னு இந்த வெயிலுக்குத் தெனமும் ரெண்டு வாட்டி ஊத்தறேன் சிஸ்டர். நீங்க வர்ற நாள்ல இன்னொரு வாட்டி."

நான் வருகிற நாளில் இன்னொரு முறை. பவுடர் வாசனையும் ஈர முடியும் அதுதான். நான் சந்தேகப்பட்ட அந்தச் சுத்தம் எனக்கு மரியாதை செய்ததுதான், அந்த மரியாதையும் அவன் நெஞ்சில் போய்த் தேங்கியிருக்கிறது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே மாற்றினோம். குளியலும் மூலை நாற்காலியில்தான், தலை முன்னால் குனிந்து, தண்ணீர் கழுத்துக்குக் கீழே மட்டும். முகத்துக்கு நன்றாகப் பிழிந்த துணி. துணி வாய்ப் பக்கம் வந்ததும் அவன் அதைக் கடித்து உறிஞ்சினான். இன்னும் இறுக்கிப் பிழியச் சொன்னேன். அவன் கத்திய கத்தலுக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. அவன் விரல்கள் மறுபடி மூடிக்கொண்டன.

மருந்தும் சேர்ந்து வேலை செய்ய, கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சில் கொதிப்பு அடங்கியது. கோடை முடியும்போது ஸ்டெத்தில் காற்று போய் வருகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. நம்பாமல் காதுக்குழலைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் டாக்டரும் வைத்துப் பார்த்துவிட்டு, குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றார். அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள். நானும்தான்.

எதிர்வீட்டுக்கு நானே போய்க் கதவைத் தட்டினேன். வந்து அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். என்ன நடந்தது என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கடிந்துகொள்வாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொன்னாள்.

"நான் குடுக்கலன்னு அன்னிக்கே சொன்னேன். ஆனா நர்சம்மா, அவன் கேட்டுக்கினேதான் இருந்தான். டம்ளர் சத்தம் வந்தா கண்ணு அங்கதான் போவும். நீ நெஞ்சுல கொயலு வெச்சி வெச்சிக் கேட்ட. இது உனக்குக் கேக்கல."

யார் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று அலைந்தேனே தவிர, அவனுக்குத் தாகமாக இருக்குமா என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஆரோரூட் தண்ணீர் வேளைக்குக் கொஞ்சம் என்று நான் வைத்திருந்த அளவு அந்த வெயிலுக்கு எந்த மூலைக்கு? டாக்டரிடம் கேட்டு அளவைக் கூட்டினேன். காய்ச்சி, மண்பானையில் வைத்துக் குளிர வைத்து, நாள் முழுக்கக் கரண்டி கரண்டியாக அத்தைதான் கொடுக்கிறாள். உட்கார வைத்து, தாடையை இறக்கி, தொண்டையைப் பார்த்து. அவள் செய்வதையும் நான் கொஞ்ச நாள் பக்கத்தில் நின்று கண்காணித்தேன், பழக்கம் விடுமா. ஒரு குறையும் இல்லை.

அவனுக்கு இப்போது சளி இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் ஏறியிருக்கிறது. சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை. கெட்டித் தண்ணீரை விழுங்குவான், ஆனால் அது தண்ணீர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

போன வாரம் போனபோது வழக்கம்போல் நாற்காலியில் இருந்தான். அத்தை கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே இப்டித்தான் சிஸ்டர்" என்று அவன் அம்மா சிரித்தாள். "நீங்க போனாதான் தொறப்பான்."

மூலையில் குடிப்பதற்காக ஒரு சொம்பில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அவன் ஒரு தரம் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். என் கை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பால்காரரை நான் பார்க்கிற பார்வை. அவன் சந்தேகப்பட்டது சரிதான். நான் சொம்பை எடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வந்தேன்.